நாக்கில் குடியிருக்கும் ஜாதி

(ஒரு சுயமரியாதைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச வேண்டிய விஷயம் "ஜாதியும் பேச்சும்" என்பதாக விளம்பரம் செய்யப்பட்டிருக்கிறது. நாம் தமிழ்ப் பண்டிதரும் அல்ல. இலக்கண ஆராய்ச்சிக்காரரும் அல்ல. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த படிப்பு மிகச் சொற்பம். மற்றதெல்லாம் படிப்பகங்களிலும், உங்களைப் போன்ற தோழர்களோடு வாதாடியதிலும் கற்றுக்கொண்டதேயாகும். ஆதலால் தமிழின் பெருமையைப் பற்றிப் பிரமாதமாய் ஏதாவது சொல்லுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கிற வரையில், நீங்களும் நாமும் யாரை எப்படிக் கூப்பிடுகிறோம், யார் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்கின்ற ஒரு சங்கதியை மாத்திரமே பேசப் போகிறோம். இது அற்ப விஷயமல்லவா என்று சிலர் நினைக்கலாம். அற்பமா அல்லவா என்பதைக் கடைசியில் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் கண்ணால் கண்ட ஒரு காட்சியை ஞாபகப்படுத்துகிறோம். எழுபது வயதுக் கிழவர் ஒருவர். தலை நரைத்து, முதுகு வளைந்து, பேரன் பேத்தி எடுத்தவர். பண்ணையில் உழைத்து உழைத்து ஊருக்கெல்லாம் சோறு போட்டவர். அவர் தெருவோடு வருகிறார். பண்ணைக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் திண்ணையில் இருந்துகொண்டு, "டேய் முனியா, இங்கே வாடா" என்கிறான். கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்னங்க சின்ன ஐயா" என்கிறார். பையனுக்கு இதை எந்த வாத்தியாராவது கற்றுக்கொடுத்தாரா? எந்தப் பாடப் புத்தகத்திலாவது "எழுபது வயதானாலும் இன்ன ஜாதியானை டேய் என்று கூப்பிடு" என்று எழுதியிருக்கிறதா? ஒன்றுமில்லை. தாய் "டா" என்றாள், தகப்பன் "டா" என்றான், பிள்ளையும் "டா" என்கிறான். ஆகவே, ஜாதி என்பது கோவிலிலும், குளத்திலும், சுடுகாட்டிலும் மாத்திரம் இருப்பதல்ல. அது நம் நாக்கிலேயே குடியிருக்கிறது. கோவிலுக்குத் தினமும் போகாதவன் உண்டு. நாக்கைத் தினமும் அசைக்காதவன் உண்டா?

இலக்கணமா, ஏற்பாடா?

"நீ, நீர், நீங்கள் என்பதெல்லாம் தமிழ் மொழியின் இயற்கை, அதை யார் என்ன செய்ய முடியும்?" என்று சில பண்டிதர்கள் சொல்லுவார்கள். இது சுத்தப் புரட்டு. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய இலக்கணமாகிய தொல்காப்பியத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு மனிதனைப் பலர் போலப் பன்மையில் சொல்லுவது உலக வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே ஒழிய, இலக்கண விதிப்படியானது அல்ல என்று அதன் சொல்லதிகாரம் சொல்லுகிறது. அதாவது இலக்கணக்காரர் "இது நாங்கள் செய்ததல்ல, ஜனங்கள் செய்து கொண்டது" என்று அன்றைக்கே கையைக் கழுவிக்கொண்டுவிட்டார்.

சங்க காலப் பாட்டுகளைப் பாருங்கள். கபிலர் பாரியை "நீ" என்கிறார். ஔவையார் அதியமானை "நீ" என்கிறார். படையும் யானையும் தேரும் உடைய அரசனை ஒரு பாடிப் பிழைக்கும் பெண் நேருக்கு நேராய் "நீ" என்றாள், அதற்காக அவள் நாக்கை யாரும் அறுக்கவில்லை, பரிசுதான் கொடுத்தார்கள். பிற்காலத்தில்தான் அரசனுக்கு ஒரு சொல், ஐயருக்கு ஒரு சொல், ஆண்டைக்கு ஒரு சொல், அடிமைக்கு ஒரு சொல் என்று பங்கு பிரித்தார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை. பக்தர்கள் கடவுளைக் கூப்பிடும்போது இன்றும் "நீ" என்றே கூப்பிடுகிறார்கள். "முருகா, நீதான் காப்பாற்ற வேண்டும்" என்கிறான். "அவன் அருள் வேண்டும்" என்கிறான். "உனக்குக் கண்ணில்லையா?" என்று திட்டவும் செய்கிறான். உலகத்தையெல்லாம் படைத்ததாகச் சொல்லப்படுகிறவனுக்கு "நீ, அவன்". அவனுக்கு மணியடிக்கிற குருக்கள் வீட்டுப் பையனுக்கு "சாமி, நீங்க, அவங்க"! கடவுளைவிடக் குருக்கள் பையன் எதில் உயர்த்தி என்று எந்தப் பக்தனாவது யோசித்தானா? கடவுள் பட்டா மாற்ற மாட்டார், வேலையை விட்டு நீக்க மாட்டார், கட்டி வைத்து அடிக்க மாட்டார் என்பது பக்தனுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது. மரியாதைச் சொல் பக்திக்கும் அன்புக்கும் கட்டுப்பட்டதல்ல, பயத்துக்கும் பிழைப்புக்கும் கட்டுப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மனு போட்ட பாதை

இந்த ஏற்பாட்டிற்குச் சட்ட புஸ்தகம் உண்டு. மனுதர்ம சாஸ்திரம் இரண்டாவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கே அங்கு ஜாதிச் சட்டம் இருக்கிறது. பார்ப்பனன் பெயர் மங்களத்தைக் காட்ட வேண்டுமாம். க்ஷத்திரியன் பெயர் பலத்தைக் காட்ட வேண்டுமாம். வைசியன் பெயர் பணத்தைக் காட்ட வேண்டுமாம். சூத்திரன் பெயர் அருவருப்பைக் காட்ட வேண்டுமாம். பிறந்த குழந்தைக்கு இன்னும் கண்கூடச் சரியாகத் தெரியாது; அதற்குள் அதன் பெயரிலேயே இழிவு ஏற்றப்படுகிறது.

இருவர் எதிர்ப்பட்டால் நலம் விசாரிக்கிறோமே, அதற்கும் சட்டம் உண்டு. பார்ப்பனனிடம் "குசலமா?" என்றும், க்ஷத்திரியனிடம் "அநாமயமா?" என்றும், வைசியனிடம் "க்ஷேமமா?" என்றும், சூத்திரனிடம் "ஆரோக்கியமா?" என்றும் கேட்க வேண்டும். சூத்திரனுக்கு உடம்பு நன்றாயிருந்தால்தானே நாளைக்கு ஏருழ வர முடியும்! அதே அத்தியாயத்தில், பத்து வயதுப் பார்ப்பனனும் நூறு வயது க்ஷத்திரியனும் தகப்பனும் பிள்ளையும் போன்றவர்கள். இவர்களில் பத்து வயதுப் பார்ப்பனனே தகப்பன் என்றும் எழுதியிருக்கிறது. நூறு வயது க்ஷத்திரியன் கதியே இது என்றால், நம் முனியன் கதி என்ன? எட்டாவது அத்தியாயமோ, மேல் ஜாதியானின் பெயரையும் ஜாதியையும் இகழ்ச்சியாய்ச் சொன்ன சூத்திரன் வாயில் பத்து அங்குல இரும்பு முளையைக் காய்ச்சிச் செருகு என்கிறது.

"மனுவை இன்றைக்கு யாரையா படிக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். வாஸ்தவம். திண்ணையிலிருந்து "டேய்" என்ற பையன் மனுவைப் படித்ததில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிய கிழவரும் படித்ததில்லை. படிக்காமலேயே இருவரும் வரி தவறாமல் நடந்து காட்டுகிறார்களே, அதுதான் ஆபத்து. புஸ்தகத்திலுள்ள சட்டத்தைக் கொளுத்தலாம். நாக்கிலுள்ள சட்டத்தை எதைக்கொண்டு கொளுத்துவது?

வடமொழி நாடகங்களின் யோக்கியதையும் இதுதான். காளிதாசன் செய்த சாகுந்தலத்தில் ராஜா சமஸ்கிருதத்தில் பேசுவான். அவன் காதலிக்கும் சகுந்தலை பிராகிருதத்தில் பதில் சொல்லுவாள். மோதிரம் கண்டெடுத்த செம்படவன் அதிலும் கீழான மாகதி என்னும் பேச்சில் பேசுவான். ஆணுக்கும் மேலோருக்கும் ஒரு பாஷை; ராணியேயானாலும் பெண்ணுக்கு வேறு பாஷை. பெண்ணையும் உழைப்பாளியையும் எந்த வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள் என்பதை, வாயைத் திறந்தவுடனே சபையோர் தெரிந்துகொள்ளும்படி செய்த ஏற்பாடு இது.

மலையாளத்தில் நடந்த கொடுமை

இந்த அநியாயம் முற்றிப் பழுத்த இடம் மலையாள தேசமாகும். வில்லியம் லோகன் என்ற கலெக்டர் 1887ல் எழுதிய மலபார் மானுவலில் ஒரு ஜாபிதா இருக்கிறது. மனிதன் குடியிருக்கிற வீட்டிற்கு ஜாதிக்கு ஒரு பெயர். நம்பூதிரி இருந்தால் அது இல்லம். நம்பூதிரிகளிலேயே மேல் அந்தஸ்துள்ளவன் இருந்தால் மனை. ராஜா இருந்தால் கோவிலகம் அல்லது கொட்டாரம். நாயர் இருந்தால் வீடு. தட்டான், தச்சன், நெசவாளி, கள்ளிறக்குகிறவன் இருந்தால் புரை அல்லது குடி. வயலில் வேலை செய்யும் அடிமை இருந்தால் சாளை. மழை எல்லாக் கூரையின் மேலும் ஒன்றாய்த்தான் பெய்தது. பெயர் மாத்திரம் ஒன்றாயில்லை.

திருவிதாங்கூரில் வேலை செய்த சாமுவேல் மட்டீர் என்னும் பாதிரியார் 19ம் நூற்றாண்டில் எழுதி வைத்திருப்பது இன்னும் கொடுமையானது. அடிமை ஜாதியான் "நான்" என்று சொல்லக்கூடாது. "அடியன்" என்று சொல்ல வேண்டும். தான் சாப்பிடும் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது. அழுக்குக் கஞ்சி என்று பொருள்படும் வேறொரு சொல்லால்தான் சொல்ல வேண்டும். தான் பெற்ற பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லக்கூடாது. குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ சொல்ல வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்றுப் பட்டு மேல் ஜாதியானுக்குத் தீட்டாகிவிடாதபடி வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும்.

தோழர்களே, சிறிது நிதானித்து யோசியுங்கள். ஒருவனை அடித்தால் உடம்பு வலிக்கும். நாலு நாளில் ஆறிவிடும். தன் குழந்தையைத் தன் வாயாலேயே "குரங்கு" என்று தினமும் சொல்லிக்கொள்ளும்படி செய்தால், அந்தத் தகப்பன் நெஞ்சில் என்ன மிஞ்சும்? கேட்டுக்கொண்டே வளருகிற அந்தக் குழந்தை தன்னை என்னவென்று நினைத்துக்கொள்ளும்? பிறர் சொல்லும் இழிவைவிட, தானே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இழிவுதான் மனிதனை முழு அடிமையாக்குகிறது. நம் இயக்கத்திற்குச் சுயமரியாதை இயக்கம் என்று பெயர் வைத்ததின் அர்த்தம் இதிலிருந்தே விளங்கும்.

பெண்களுக்கு நாக்கு எங்கே?

தாய்மார்களே, உங்கள் சங்கதிக்கு வருகிறோம். புருஷன் பெண்சாதியை "ஏய்" என்பான், "அடியே" என்பான், "நீ" என்பான். பெண்சாதியோ "நீங்க, வாங்க, போங்க" என்பாள். அது மாத்திரமா? புருஷன் பெயரை வாயால் சொன்னாலே அவன் ஆயுள் குறைந்து போகுமாம்! ஆகவே "அவுக" என்றும், "எங்க வீட்டுக்காரர்" என்றும், "பெரியவன் அப்பா" என்றும் சுற்றி வளைக்க வேண்டும். புருஷன் பெயர் ஆறுமுகம் என்றால், கடையில் ஆறு தேங்காய் வாங்க வேண்டிய கிழவி "அஞ்சும் ஒண்ணும் குடு" என்று கேட்பாள். ஆபீசில் குமாஸ்தா "உன் புருஷன் பெயர் என்ன?" என்று கேட்டால், பக்கத்திலிருக்கிறவளைப் பார்த்து "நீ சொல்லடி" என்பாள். கேட்டால் சிரிப்பாயிருக்கிறது. இத்தனை ஆயிரம் வருஷமாய்ப் பெண்சாதி பெயரை ஊர் கேட்கக் கூப்பிட்ட புருஷர்களால் எத்தனை பெண்களின் ஆயுள் குறைந்தது என்று எவனாவது கணக்கெடுத்தானா?

இதன் பலன் எதுவரை போயிற்று என்பதற்கு ஒரு சரித்திர உண்மை. இந்தியாவில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்து முதல் பொதுத் தேர்தல் 1951-52ல் நடந்தது. வாக்காளர் ஜாபிதா தயாரிக்கப் போனபோது, லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய மகள்" என்று மாத்திரமே சொன்னார்கள். முக்கியமாய் வடநாட்டு மாகாணங்களில் இப்படி நடந்தது. சொந்தப் பெயர் இல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவை ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட நேர்ந்தது. சட்டம் ஓட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது. வழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பெயரைச் சொல்லாத நாக்கினால் 28 லட்சம் ஓட்டுகள் போயின. இனி யாராவது "பேச்சு அற்ப விஷயம்" என்றால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சொல்லைக் குற்றம் சொல்லாதீர்கள்

"அப்படியானால் இழிவான சொல்லை எடுத்துவிட்டு நல்ல சொல்லைப் போட்டால் தீர்ந்துவிடாதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். அது வேண்டியதுதான், ஆனால் போதாது. ஏன் என்று சொல்லுகிறோம்.

"சேரி" என்கிற சொல்லைப் பாருங்கள். பழைய தமிழில் ஜனங்கள் சேர்ந்து வாழும் இடம் எதுவும் சேரிதான். சோழர் காலத்தில் பார்ப்பனர்களுக்கு மானியமாய் விட்ட கிராமங்களிலேயே, பார்ப்பனர் குடியிருந்த பகுதிகளுக்குச் சேரி என்ற பெயர் கல்வெட்டுகளில் இருக்கிறது. பிறகு பார்ப்பனர் இருந்த இடம் அக்கிரகாரம் ஆயிற்று. சேரி என்பது தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் இடத்திற்கு மாத்திரம் நின்றது. சொல் நாறிவிட்டது என்று "காலனி" என்னும் இங்கிலீஷ் சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஊரைவிட்டுத் தள்ளித்தானே காலனியையும் கட்டினார்கள்? கொஞ்ச காலத்தில் காலனி என்றாலே இன்ன ஜாதி என்று ஆகிவிட்டது. பட்டணத்திலே பணக்காரர் வசிக்கும் காலனிக்கு அந்த நாற்றம் இல்லை. கிராமத்துக் காலனிக்கு மாத்திரம் உண்டு. கடைசியில் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்திலே, அந்தச் சொல் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் ஊர் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமுமாய் இருக்கிற வரையில், நாளைக்கு வைக்கிற புதுப் பெயரும் நாறத்தானே செய்யும்? சாக்கடையைத் தூர்க்காமல் அதன் பெயரை மாத்திரம் பன்னீர் என்று மாற்றினால், கெட்டுப்போவது பன்னீரின் பெயர்தான்.

உயர்வும் இப்படித்தான். "சோறு" என்பது சங்ககாலப் பழைய சொல். ஆனால் உழைக்கிறவன் சோறு என்றான், அக்கிரகாரத்தில் சாதம் என்றார்கள். உடனே நம்மவர்களிலும் நாலு காசு சேர்த்தவன் "சாதம்" என்றான். இன்று அதுவும் போய் "ரைஸ்" ஆகிவிட்டது. பெண்சாதி சம்சாரமாகி, சம்சாரம் "ஒய்ஃப்" ஆகிவிட்டாள். அதே அரிசிதான், அதே பானைதான், அதே பெண்தான். அன்றைக்குப் பார்ப்பனன் இருந்த நாற்காலியில் இன்றைக்கு இங்கிலீஷ் உட்கார்ந்திருக்கிறது. நாற்காலிக்குக் கும்பிடு போடுகிற வழக்கம் மாத்திரம் மாறவில்லை.

மொழி ஆராய்ச்சிக்காரர்களும் இதையே கண்டிருக்கிறார்கள். ஜான் கம்பர்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உத்தரப்பிரதேசத்தில் காலாப்பூர் என்ற ஒரு கிராமத்துப் பேச்சை ஆராய்ந்து 1958ல் எழுதினார். தீண்டக்கூடிய ஜாதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி பேசின. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பேச்சு மாத்திரம் தனித்தனியாய் நின்றது. இவர்கள் ஒருவரையொருவர் பார்க்காதவர்களா, பேசாதவர்களா? தினமும் வேலைத் தலத்தில் பேசுகிறவர்கள்தான். ஆனால் வேலை வாங்குகிற பேச்சினால் நாக்குகள் ஒன்றுபடவில்லை; சிநேகமாய்ப் பழகி, பிள்ளைகள் கூடி விளையாடுகிற இடத்தில்தான் ஒன்றுபட்டன என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, பேச்சு ஒன்றாக வேண்டுமானால் திண்ணை ஒன்றாக வேண்டும். விளையாட்டு ஒன்றாக வேண்டும். பந்தி ஒன்றாக வேண்டும். கலியாணமும் ஒன்றாக வேண்டும்.

பிற தேசங்களில்

இந்த வியாதி நமக்கு மாத்திரம் உரியதல்ல. வைத்தியம் செய்துகொண்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. 17ம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரும், அவரைச் சேர்ந்த குவேக்கர் என்னும் கூட்டத்தாரும், ஏழையானாலும் நீதிபதியானாலும் எல்லோருக்கும் "நீ" ஒன்றுதான் என்று பேசினார்கள். பெரிய மனிதருக்குத் தொப்பியைக் கழற்றவும் மாட்டோம் என்றார்கள். அதற்காக அடிபட்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793ல், பிரபு, துரை என்பதெல்லாம் போய் எல்லோரும் "குடிமகன்" என்றும், எல்லோருக்கும் "நீ" என்றும் பேச வேண்டுமென்று கிளர்ச்சி நடந்தது. ஜாவாவில் சாப்பிடுவதற்கும் வீட்டிற்கும்கூடக் கேட்பவன் அந்தஸ்தைப் பார்த்துச் சொல்லை மாற்ற வேண்டும். அங்கே 1917ல் "ஜாவா டிப்பா" என்ற இயக்கம் தோன்றி, எல்லோரும் எல்லோரிடமும் சாதாரணப் பேச்சே பேசுவோம் என்றது. ஸ்வீடனில் ஆளைப் பட்டத்தையும் உத்தியோகத்தையும் சொல்லியே அழைக்கும் சங்கடம் இருந்தது. 1967ல் புரோர் ரெக்ஸட் என்ற அரசாங்க வைத்திய இலாகாத் தலைவர், "நம் சிப்பந்திகள் எல்லோரையும் நான் நீ என்பேன், நீங்களும் என்னை அப்படியே சொல்லுங்கள்" என்றார். முன்னமே கிளம்பியிருந்த மாறுதல் அதோடு நாடெங்கும் நிலைத்துவிட்டது.

நம் இயக்கமும் சும்மா இருக்கவில்லை. 1929ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். 1932ல் பெரியார் மேல்நாட்டு யாத்திரையிலிருந்து திரும்பியதும், ஸ்ரீமான், ஸ்ரீஜத் முதலிய அடைமொழிகளை விட்டுத் "தோழர்" என்றே எல்லோரையும் அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். அன்று பரிகாசம் செய்தவர்கள் எத்தனையோ பேர். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் ஜாதி வால் இல்லை. மற்ற மாகாணத்தார் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது; பொது இடத்தில் ஜாதியைச் சொல்லி அவர்களை இழிவு செய்வது அதன்படி குற்றம். ஆனால் ஜாதிப் பெயரே சொல்லாமல் வெறும் "டா" போட்டே ஜாதியைக் காட்டுகிறவனைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? அதை நாம்தான் பிடிக்க வேண்டும்.

நமது குற்றம்

இதுவரை ஊரார் குற்றத்தைச் சொன்னோம். இனி நமது குற்றத்தையும் சொல்லாவிட்டால் யோக்கியமாகாது. நம் சிறு பிராயத்தில் நம் வீட்டிற்கு முகஞ்சவரம் செய்ய ஒரு பெரியவர் வருவார். நம் தகப்பனாரைவிட மூத்தவர். நாமும் வீட்டாரைப் பார்த்து அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டு வந்தோம். பதினாறு பதினேழு வயதில் இயக்கப் பிரசங்கங்களைக் கேட்டுப் புத்தி வந்து, ஒரு நாள் அவரைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்றோம். அவர் சந்தோஷப்படவில்லை; பின்னால் திரும்பி வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாருமில்லை. உடனே முகம் கறுத்து, கை நடுங்கி, "சின்னச் சாமி, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனுங்களா?" என்று கேட்டார். மரியாதை என்பது அவர் ஆயுளில் கேலியாகவோ, வேலையிலிருந்து விலக்குவதாகவோதான் வர முடியும்! அன்றைக்கு நமக்குத் தூக்கம் வரவில்லை.

இதோடு முடியவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு அவருடைய பேரன், நன்றாய்ப் படித்து உத்தியோகம் பார்ப்பவர், ஒரு கலியாணத்தில் நம்மைக் கண்டு, "வாங்க தோழர், சௌக்கியமா?" என்று கையை நீட்டினார். நாம் கையைக் கொடுத்தோம். ஆனால், தோழர்களே, உள்ளதைச் சொல்லுகிறோம். நெஞ்சுக்குள் ஒரு சிறு முள் குத்திற்று. "சாமி" என்ற வீட்டுப் பிள்ளையா "தோழர்" என்கிறது என்று ஒரு பழைய பேய் எட்டிப் பார்த்தது. நூறு மேடையில் பேசின நமக்கே இப்படியென்றால், ஜாதி எவ்வளவு ஆழத்தில் வேர் விட்டிருக்கிறது என்று பாருங்கள். அன்று வெட்கப்பட்டோம். வெட்கப்பட்டதை வெளியில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறோம்.

"நாங்கள் அன்பினால்தான் நீ, வா என்கிறோம், இழிவாகவல்ல" என்று சிலர் சொல்லுவார்கள். இருக்கலாம். அதைப் பரீட்சிக்க ஒரு சுலபமான வழி சொல்லுகிறோம். நீங்கள் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறீர்களோ, அப்படியே அவர் உங்களைத் திருப்பிக் கூப்பிட்டால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? சிநேகிதனை "டேய்" என்கிறீர்கள், அவனும் "என்னடா" என்கிறான், இருவரும் சிரிக்கிறீர்கள். அது அன்பு. பண்ணையாளை "டேய்" என்கிறீர்கள். அவர் "என்னடா" என்றால் சிரிப்பீர்களா, சவுக்கை எடுப்பீர்களா? திரும்பி வரக்கூடிய சொல் சிநேகம். திரும்பி வரக்கூடாத சொல் ஜாதி. இதே தராசில் புருஷன் பெண்சாதிப் பேச்சையும், முதலாளி தொழிலாளிப் பேச்சையும் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

ஆகவே, தோழர்களே, காசு செலவில்லாத சில காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். வயதில் மூத்தவர் எந்தத் தொழில் செய்தாலும், குப்பை வாரினாலும், மாடு மேய்த்தாலும், "வாங்க" என்றே கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகள் வேறு மாதிரி கூப்பிட்டால் அங்கேயே திருத்துங்கள். ஏனென்றால் அந்தப் பாடம் உங்கள் வாயிலிருந்துதான் அவர்களுக்குப் போனது. பெண்சாதி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். உங்கள் ஆயுளுக்கு நாம் ஜாமீன்! "சாமி", "ஆண்டே", "அடியேன்" என்று உங்களிடம் யாராவது சொன்னால், காது குளிரக் கேட்டுக்கொண்டிராமல், "அண்ணே, பெயரைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதல் நாள் அவர் பயப்படுவார். மறுநாள் சந்தேகப்படுவார். மூன்றாம் நாள் நிமிர்ந்து பார்ப்பார். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது உங்கள் நெஞ்சில் முள் குத்தினால், அதைப் பிடுங்கி எறியுங்கள். வெட்கப்பட வேண்டாம், நமக்கும் குத்தியதுதான்.

இவ்வளவும் நாம் சொன்னதற்காகச் செய்ய வேண்டியதில்லை. வீட்டிற்குப் போங்கள். நாளைக் காலையில் முதல் மனிதரைக் கூப்பிட வாயைத் திறக்கும்போது ஒரு விநாடி நிறுத்தி, நம் நாக்கில் பேசுவது நாமா, மனுவா என்று யோசியுங்கள். அதற்கு மேல் உங்கள் அறிவும் மானமும் எப்படிச் சொல்லுகிறதோ அப்படிச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.